ஏழுக்குப் பிறகு ஒன்பது

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய புதிதில் அதற்குப் பெரும்பாலும் இரண்டே வேலைதான். ஒன்று, முதலாளி ரூமில் உட்கார்ந்துகொண்டு, ஆர்டர் கொடுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இங்கேயும் நாகரிகம் வந்துவிட்டது என்று காட்டுவது. இன்னொன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாடுவது. ஆத்தப்பன் கம்பெனியில் அதை மூன்றாவதாக ஒரு வேலைக்குப் பழக்கியவள் அனுசுயா. அதற்காக யாரும் அவளுக்கு மாலை போட்டுவிடவில்லை. ‘கம்ப்யூட்டர் புள்ள’ என்று ஒரு பேரை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அனுசுயாவின் அம்மா பாண்டியம்மாள் அதே கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்பவள். தைத்து வரும் உருப்படியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டித் தள்ளுகிற வேலை. சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா பெரியகருப்பன் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்டு ஒன்றரை ஷிப்டாக உழைத்து மகளை பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தார்கள். அதற்கு மேல் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவளே சேர்ந்து ஜாவா படித்துக்கொண்டாள். வீட்டில் ‘வாராக, போறாக’ என்று பேசுவாள். கம்பெனி கேட்டைத் தாண்டியதும் வாயில் தானாக ‘ங்க’ வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பேச்சும் அவளிடம் சண்டை போடாமல் குடியிருந்தன.

பாண்டியம்மாளுக்கு மகளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. “எம்மக உக்காந்துதான் வேல பாக்குறா” என்று செக்கிங் லைனில் அவள் சொல்லாத நாள் கிடையாது. ஏ.சி.யைப் பற்றியோ ஜாவாவைப் பற்றியோ அவள் பேச மாட்டாள். உட்காருவதைத்தான் சொல்லுவாள். நாளெல்லாம் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும், பொறாமையும் பட்டார்கள். இந்த வேலை போனால் மகளுக்குத் திருப்பூரில் வேறு நாற்காலி கிடைப்பது லேசில்லை என்பதும் பாண்டியம்மாளுக்குத் தெரியும். ஜாவா தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்கும் பனியன் கம்பெனிகளை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். செக்கிங் மேஜையில் நிற்கத்தான் எப்போதும் இடம் இருந்தது.

அனுசுயா அந்தக் கம்பெனிக்குச் செய்துகொடுத்தது இதுதான். கையில் இருக்கும் ஆர்டர்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் அட்டவணையாக வரும். ஆர்டருக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் ‘லேபிள்’ என்று ஒரு லிங்க். அதைத் தொட்டால் அந்த ஆர்டரின் அட்டைப்பெட்டிகளில் ஒட்ட வேண்டிய லேபிள் பிரிண்டாகி வரும். அதுவரை லேபிள் எழுதுவதற்கென்றே ஒரு ஆள் மார்க்கர் பேனாவோடு நாளெல்லாம் குனிந்து கிடந்தான். அவனை நிமிர்த்தி வேறு வேலைக்கு அனுப்பினாள்.

இதில் சூட்சுமம் எல்லாம் அந்த லிங்க்கில்தான். அடுத்து வரும் லேபிள் பக்கம் இருக்கிறதே, அது ஒரு மறதி பிடித்த ஜென்மம். எந்த வரியைத் தொட்டு வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. நாம்தான் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். திரையின் மேலே தெரியும் பக்க முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்த வரியில் உள்ள விவரங்களை அதன் பின்னால் கோத்து விடுவார்கள். அனுசுயா முதலில் எல்லாவற்றையும் கோத்தாள். யாருக்குப் போகிறது, என்ன உருப்படி, என்ன நிறம், எந்தத் துறைமுகம், பெட்டிக்கு எத்தனை என்று ஒன்று பாக்கி இல்லை. முகவரி கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர்கள் போல நீண்டுகொண்டே போயிற்று.

அந்த நீளத்தில்தான் பெருமாள்சாமி கை வைத்தார். பேக்கிங் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து தன்னை யாரும் மதிப்பதில்லை என்று ஒரு மனத்தாங்கல் அவருக்கு. ஒருநாள் மவுஸ் தவறி மேலே முகவரியில் பட்டது. அங்கே இருந்த நாற்பதை அழித்துவிட்டு முப்பத்தாறு என்று அடித்துப் பார்த்தார். லேபிளில் முப்பத்தாறு என்றே வந்தது! பெட்டிக்குள் நாற்பது உருப்படியைத் திணித்து மூடுவது படாத பாடு. முப்பத்தாறு என்றால் சொகுசாக மூடும். ஒரு வாரம் பெருமாள்சாமி ராஜா மாதிரி பேக்கிங் செய்தார். “கம்ப்யூட்டரு எனக்கும் வருதுங்க” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்தபோது முதலாளி ஆத்தப்பன் போட்ட சத்தத்தில் பேக்கிங் ஹாலில் இருந்த பெண்கள் டேப்பை ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அன்று மாலையே பேக்கிங் சுவரில் பெயிண்டில் எழுதிவிட்டார்கள்: ‘கம்ப்யூட்டர் சொல்வதே இறுதி. மறுத்துப் பேசக் கூடாது.’ அதற்கு நேர் கீழேதான் பெருமாள்சாமியின் மேஜை. தினமும் அதன் கீழே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டிய தலையெழுத்து அவருக்கு.

அனுசுயாவும் தன் பங்குக்குப் பக்கத்தை மாற்றி எழுதினாள். இனி விவரம் எதுவும் முகவரியில் போகக் கூடாது. வரிசை எண் மட்டும் போகட்டும். நான்காவது வரியைத் தொட்டால் ‘நான்கு’ என்று மட்டும் போகும். லேபிள் பக்கம் ஆர்டர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி நான்காவதை எடுத்துக்கொள்ளும். மேலே யாரும் விளையாட ஒன்றும் இல்லை. ஆர்டரின் சொந்த எண்ணையே அனுப்பியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். அந்த எண்ணுக்குள் சாய்கோடும் நட்சத்திரமும் இடைவெளியும் கிடந்தன. லிங்க்கில் போகும்போது பாதி வழியில் கழன்று விழுந்தன. வரிசை எண் ஒரே எழுத்தில் முடிந்தது. அந்தச் சிக்கனத்தைப் பார்த்து அவளே தன் தோளைத் தட்டிக்கொண்டாள். தட்டுவதற்கு வேறு ஆளும் இல்லை.

புதிய பக்கத்தை முதலாளிக்குக் காட்டுவதற்கு நல்ல நாள் பார்த்தார்கள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். சி.பி.யூ.வின் மேல் எலுமிச்சம்பழம். பத்து ஆர்டரைச் சும்மா போட்டு வைத்திருந்தாள் அனுசுயா. ஆத்தப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் போனதும் முகம் மாறிவிட்டது.

“ஏங்கண்ணு, இதென்ன எட்டு?”

“அது எட்டாவது ஆர்டருங்க அய்யா.”

“எட்டாவது ஆர்டரு இருக்கட்டும். எட்டுன்னு எதுக்குப் போடோணும்?”

ஆத்தப்பனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணறு வற்றியதும் தென்னந்தோப்பை விற்றுப் பனியன் கம்பெனி வைத்தவர். கெட்டிக்காரர். துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த மில் நூல் என்று சொல்லிவிடுவார். யாருக்கும் பயப்பட மாட்டார், சனியைத் தவிர. எட்டு சனியின் எண் என்று பெருமாநல்லூர் ஜோசியர் ஒருவர் அவர் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார். கூட்டினால் எட்டு வரும் நம்பர் கொண்ட லாரி ஒன்று சோமனூர் போகும் வழியில் துணியோடு குடை சாய்ந்ததும் ஜோசியரின் கட்சி ஜெயித்துவிட்டது. அதிலிருந்து கம்பெனியில் ஏழாம் தையல் லைனுக்கு அடுத்தது ஒன்பதாம் லைன்தான். எட்டாம் தேதி எந்தப் பெட்டியும் வெளியே போகாது. வேலை எட்டரைக்குத் தொடங்குவதால் காலை நேரம் மட்டும் எப்படியோ தப்பித்தது.

“எடுத்துப்போடு கண்ணு” என்றார்.

“எடுத்தா ஏழுக்கு அப்பறம் என்னங்க வரும்?”

“ஒம்போது வரும். நம்ம லைன்ல வரலையா? தெச்சுட்டுத்தான இருக்கறாங்க?”

இதற்கு ஜாவா படித்த மாடியில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அனுசுயா ஒரு வரி சேர்த்தாள். எண்ணிக்கொண்டு வரும்போது எட்டு வந்தால் அதை ஒன்பது ஆக்கிவிடு, அவ்வளவுதான். திரையில் ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்து சமர்த்தாக நின்றது. ஆத்தப்பனுக்கு ஒரே சந்தோஷம். “கெட்டிக்காரி!” என்று சொல்லி மைசூர்பாக் டப்பாவை நீட்டினார். அனுசுயா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கீழே இருந்த லிங்க் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கையில் நெய்யாக இருந்தது, மவுஸ் கெட்டுவிடும் என்று தொடவில்லை.

அவள் மாற்றியது அட்டவணையை மட்டும்தான். லேபிள் பக்கத்துக்குச் சனியைப் பற்றி யாரும் தகவல் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எட்டையும் சேர்த்து ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது. அட்டவணையில் ‘ஒன்பது’ என்று நிற்பது உண்மையில் எட்டாவது ஆர்டர். அதைத் தொட்டால் லிங்க் ‘ஒன்பது’ என்று கொண்டுபோய்ச் சொல்லும். லேபிள் பக்கமோ நிஜமான ஒன்பதாவதை எடுத்துப் போடும். ஏழு வரைக்கும் சரி. அதற்கு மேல் எதைத் தொட்டாலும் அதற்குக் கீழே இருப்பவனின் லேபிள் வரும்.

ஆனால் ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அந்தக் கம்பெனியின் கையில் ஒரே சமயத்தில் ஏழு ஆர்டருக்கு மேல் இருந்ததே இல்லை. எல்லாம் எட்டை எடுத்த ராசி என்றார் ஆத்தப்பன்.

பிறகு நல்ல காலம் பிறந்தது, தொல்லையும் பிறந்தது. ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்து திருப்பூருக்கு ஆர்டர் கொட்டிய நேரம். இரண்டாயிரத்து ஆறு தை மாதம் ஆத்தப்பன் கையில் ஒன்பது ஆர்டர் இருந்தது. அட்டவணையில் ஒன்றிலிருந்து ஏழு, பிறகு ஒன்பது, பத்து. ‘ஒன்பது’ ஜெர்மனிக்குப் போக வேண்டிய குழந்தை உடுப்பு. மார்பில் மஞ்சள் வாத்துப் படம். கம்பெனி அதுவரை பார்த்த ஆர்டர்களிலேயே பெரியது. ‘பத்து’ இத்தாலிக்கு ஆண்கள் ஜட்டி, அதிலும் மூன்று எக்ஸ் போட்ட பெரிய சைஸ். அது இன்னும் கட்டிங்கில்தான் கிடந்தது.

வாத்துகள் தைத்து, அயர்ன் பண்ணி, பேக்கிங்குக்கு வந்து சேர்ந்தன. பெருமாள்சாமி ஒன்பதாம் வரியில் லேபிளைத் தொட்டார். பிரிண்டரிலிருந்து ‘ஆண்கள் உள்ளாடை, எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எல், இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் லேபிள் வந்து விழுந்தது. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் படிக்கத் தெரியும். எதிரே பெட்டிக்குள் வாத்துகள் படுத்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். லேபிளைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்குவது போல இருந்தது.

“ஒட்டுங்க புள்ளைங்களா” என்றார். “கம்ப்யூட்டரே சொல்லீருச்சு.”

நானூற்றுச் சொச்சம் பெட்டிகளிலும் ஒட்டினார்கள். தப்பென்று தெரிந்தே ஒரு வேலையை அத்தனை அக்கறையாக அவர் அதற்கு முன் செய்ததில்லை. ஒரு லேபிள்கூடக் கோணவில்லை.

வெள்ளைக்காரர்களுக்காகச் சரக்கைச் சரிபார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருவர் வந்தார். அன்று மாலை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது. அவர் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து டேப்பைக் கிழித்தார். லேபிளைப் படித்தார். உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாத்து உடுப்பை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“இத்தாலியில ஆம்பளைங்க இவ்வளவுதான் இருப்பாங்களா சார்?” என்று ஆத்தப்பனைக் கேட்டார்.

பேக்கிங்கில் இருந்த பெண்கள் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஆத்தப்பன் பெருமாள்சாமியைப் பார்த்தார். பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் மேலே சுவரைப் பார்த்து ஆட்டினார். முதலாளியே எழுதச் சொன்ன எழுத்து, முதலாளியே படித்துக்கொள்ளட்டும் என்று நின்றார். லேபிள்களை எல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினால்தான் பாஸ் செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் டீ குடிக்கப் போனார்.

மேலே ரூமில் அனுசுயாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் வரியைத் தொட்டாள். சரியாக வந்தது. ஒன்பதைத் தொட்டாள். இத்தாலி வந்தது. பத்தைத் தொட்டாள். வெள்ளைப் பக்கம் வந்தது. லிங்க்கின் மேல் மவுஸை வைத்தால் திரையின் அடியில் முகவரி தெரியும். கேள்விக்குறி, அதற்குப் பின்னால் ஒன்பது. அதைப் பார்த்த வினாடியில் எல்லாம் விளங்கிவிட்டது. திரையில் காட்டுவதற்கு வைத்த எண்ணையே ஆர்டரைத் தேடுவதற்கும் அனுப்பியிருக்கிறாள். முதலாளி எட்டை எடுக்கச் சொன்னது அவருடைய பைத்தியம். அதை எடுத்த பிறகும் அந்த எண்ணையே நம்பியது இவளுடைய மடத்தனம். ஜாவா சொல்லிக் கொடுத்தவர் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அழுதுகொண்டே சரி செய்தாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் பதிவாகும்போதே உள்ளுக்குள் ஒரு எண் கொடுத்தாள். ரேஷன் கார்டு எண் மாதிரி, குடும்பம் எந்தத் தெருவுக்குக் குடிபோனாலும் அது மாறாது. லிங்க்கில் இனி அந்த எண்தான் போகும். வெளியே அட்டவணையில் எட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலைகீழாக எழுதினாலும் லேபிள் மாறாது. வேலை சுத்தமாக வந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் நிலையில் அவள் இல்லை. சரியான லேபிள்களைப் பிரிண்டு கொடுத்து பேக்கிங்குக்கு அனுப்பினாள். கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று தெரியும், முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

முதலாளி ரூமில் ஆத்தப்பனோடு மகன் தரணீதரனும் இருந்தான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தவன். பெங்களூரில் ஒரு கம்பெனி விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேரை வாங்கிப் போட வேண்டும் என்று ஆறு மாதமாக அப்பனை அரித்துக்கொண்டிருந்தான். இன்று அவன் கேட்காமலே சாமி வரம் கொடுத்துவிட்டது.

“நான் அப்பவே சொன்னனுங்கப்பா. ஒரு புள்ளைய நம்பி இத்தன பெரிய கம்பெனிய ஓட்ட முடியாதுங்க. பெங்களூர்க்காரன்கிட்டப் பேசீட்டேன். அடுத்த மாசம் வந்து போட்டுக் குடுத்துருவான். இந்தப் புள்ள வேணும்னா செக்கிங்ல நிக்கட்டும், அங்க ஆளு பத்தறதில்ல.”

அனுசுயா நின்றுகொண்டிருந்தாள். ஆத்தப்பன் யோசித்தார். அவருக்கு எதிலும் ஒரு கேள்விதான் முக்கியம்.

“அவன் எட்ட எடுத்துக் குடுப்பானா?” என்றார்.

“எதுங்க?”

“எட்டுப்பா, எட்டு! போனப் போட்டுக் கேளு.”

தரணீதரன் போனை ஸ்பீக்கரில் போட்டான். வெட்கத்தைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டான். வரிசை எண்ணில் எட்டு வராமல் செய்ய முடியுமா? லைன் கட்டாகிவிட்டதோ என்று ஆத்தப்பன் போனைத் தட்டினார். பிறகு அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினான். இது உலகம் முழுக்க ஒரே மாதிரி ஓடும் சாஃப்ட்வேர் சார், எண்ணை மெஷினே போட்டுக்கொள்ளும், நாங்கள் தொட முடியாது, எட்டில் என்ன சார் பிரச்சினை என்றான்.

“என்னங்றான்?”

“முடியாதுங்றானுங்க.”

“என்ன பிரச்சனைன்னு கேக்கறானா?” ஆத்தப்பனுக்கு மூக்கு சிவந்தது. “எட்டுல என்ன பிரச்சனைன்னு கேக்கறவனக் கொண்டாந்து இந்தக் கம்பெனில நொழைக்கப் பாத்தியே சாமி! போன வையி.”

தரணீதரன் வைத்தான். படித்த படிப்பெல்லாம் அவன் முகத்தில் செத்துக் கிடந்தது. ஆத்தப்பன் அனுசுயா பக்கம் திரும்பினார்.

“இப்ப எல்லாம் சரி பண்ணீட்டயா கண்ணு?”

“பண்ணீட்டனுங்க அய்யா. ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ள ஒரு நெம்பர் குடுத்திருக்கறேனுங்க. வெளிய தெரியாதுங்க.”

“உள்ள எட்டு வருதா?”

“ஆயிரத்தொண்ணுல இருந்து ஆரம்பிக்குதுங்க.”

“அப்ப ஆயிரத்தெட்டு வருமே.” ஆத்தப்பன் விரலை மடக்கினார். “கூட்டுனா ஒம்போது. சாமி நெம்பரு. இருக்கட்டும், இருக்கட்டும்.”

ஆயிரத்தேழை அவர் கூட்டிப் பார்க்கவில்லை. அனுசுயா கூட்டிப் பார்த்தாள். எட்டு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

“நீ பாட்டுக்கு உன்ற வேலையப் பாரு” என்றார் ஆத்தப்பன். “பெங்களூர்க்காரனும் வேண்டாம், ஒருத்தனும் வேண்டாம். எட்ட எடுக்கற கை உன்ற கைதான்.”

வேலை தப்பித்தது. அவள் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அனுசுயா போகவில்லை.

“அய்யா, தப்பு எம்மேலதானுங்க. லிங்க்ல நான் அனுப்புன நெம்பரு தப்புங்க. எட்ட எடுத்ததால ஆகலீங்க. எடுத்துட்டு நான் சரியா பாக்காம உட்டுட்டேனுங்க.”

“உன்ற மேல என்ன கண்ணு இருக்குது?” ஆத்தப்பன் கூரையைக் காட்டினார். “எல்லாம் அவன் வேல. வெளிய தொரத்துனா உள்ள பூந்து உக்காந்துக்கறான். நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது.”

“இல்லீங்க அய்யா, நான்தானுங்க—”

“போ கண்ணு. போயி ஒரு டீ குடி.”

வெளியே வந்து படியில் நின்றாள். திட்டியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. ஒரு வருஷமாக அவள் எழுதியதில் தப்பு செய்ததும் சனி, இன்று அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ததும் ஏறக்குறைய சனியேதான். அவள் எங்கேயும் இல்லை. எலுமிச்சம்பழத்துக்குக் கிடைத்த மரியாதை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஜாவா தெரிந்தவள் என்று வைத்துக்கொள்ளவில்லை, எட்டைக் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சம்மதிப்பவள் என்று வைத்துக்கொண்டார்கள். டீ குடிக்கப் போகாமல் பேக்கிங் ஹாலுக்கு இறங்கினாள்.

அங்கே செக்கிங் பெண்களையும் இழுத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் இத்தாலியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பாண்டியம்மாள். பெட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது.

“மொதலாளி என்னடி சொன்னாக?”

“இருக்கச் சொல்லிட்டாக.”

பாண்டியம்மாள் மூச்சை விட்டாள். பிறகு மகளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“அப்பறம் எதுக்குடி மூஞ்சி இந்தக் கோலத்துல இருக்கு?”

“தப்பு நாஞ் செஞ்சதும்மா. சனி செஞ்சதுங்கிறாக. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாக.”

பாண்டியம்மாள் கையிலிருந்த லேபிளைச் சுரண்டி முடித்தாள். சுற்றியிருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அவளுக்குத் தெரியும். எந்த மகளைப் பற்றி ஒரு வருஷம் அவர்கள் முன்னால் பீற்றிக்கொண்டாளோ அந்த மகள்தான் எதிரே நின்றாள். மூடி மறைக்க ஒரு சனி கையில் தயாராகவே இருந்தது.

“நெசமா ஒந்தப்புத்தானா?” என்றாள்.

“ஆமா.”

“பெறகென்ன சனி, வெள்ளி? இந்தா பசை. ஒட்டு.”

அனுசுயா பசை டப்பாவை வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாண்டியம்மாள் கிழித்துக் கிழித்துத் தள்ளினாள், அவள் ஜெர்மனியை ஒட்டினாள். ஒவ்வொரு பெட்டியாக ஒட்டும்போதும் அழுகை குறைந்துகொண்டே வந்தது. லாரி வந்து பின்பக்கமாகத் திரும்பும்போதும் இன்னும் ஒரு அடுக்கு பாக்கி இருந்தது. “வேகமாடி” என்றாள் பாண்டியம்மாள். அனுசுயா கையை வேகப்படுத்தினாள்.